மிசினுக்குக் காவல்

அப்பாவால் திருத்த முடியாத இறைப்பு மிசின் எங்கள் பக்கத்தில் கிடையாது என்று ஆட்கள் சொல்வார்கள். திருத்திய கூலியை வாய்விட்டுக் கேட்க அவரால் முடியாது என்பதும் அதே ஆட்களுக்குத் தெரியும். ஆகவே முதலாவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மிசினைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து இரண்டாவது வருசம் அது. எனக்குப் பத்து வயது. கனகராயன்குளத்தில் பெரிய வீதியிலிருந்து கிழக்கே இறங்கும் கிறவல் ஒழுங்கையில் எங்கள் வளவு இருந்தது. இடம்பெயர்ந்து போயிருந்த சனம் திரும்பி வந்து, பற்றை வெட்டி, தூர்ந்த கிணறுகளைத் துப்புரவாக்கி, மிளகாயும் வெங்காயமும் வைக்கத் தொடங்கியிருந்தது. மின்சாரம் இல்லாத ஊர். கிணற்றுத் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஏற்ற மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன மிசின்தான் எல்லோரிடமும் இருந்தது. ஊரைவிட்டு ஓடும்போது மண்ணுக்குள் புதைத்து வைத்துவிட்டு, திரும்பி வந்து கிண்டி எடுத்த மிசின்களும் அவற்றில் இருந்தன. அவை ஒருநாள் இருமும், மறுநாள் நிற்கும், மூன்றாம் நாள் எங்கள் படலைக்கு வந்து சேரும்.

வீட்டுக்கு முன்னால் தகரம் அடித்த கொட்டில் ஒன்றில் அப்பா அவற்றைப் பிரித்துப் போட்டுத் திருத்துவார். வேலை முடிந்து மிசின் ஓடும் சத்தத்தைக் கேட்டவுடன் அவர் முகத்தில் வரும் சந்தோசத்தைப் பார்த்தால், கூலியை அவர் அந்தச் சத்தத்திலேயே எடுத்துவிட்டார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர் காசுக்குப் பதிலாகப் பூசணிக்காய் கொண்டுவந்து இறக்கினார்; அந்த மாதம் முழுக்க நாங்கள் பூசணிக்காய் தின்றோம். இன்னொருவர் எங்கள் படலையைக் கடக்கும்போது மட்டும் சைக்கிள் செயின் கழன்றதுபோலக் குனிந்துகொண்டே போவார். தப்பித் தவறி யாரையாவது அப்பா மறித்தாலும், "தோட்டம் எப்பிடிப் போகுது?" என்றுதான் கேட்பார். அவர்களும் தோட்டத்தைப் பற்றியே பதில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த வைகாசியில் ஒருநாள் அப்பா சாமான் வாங்க வவுனியாவுக்குப் போனார். ஓமந்தையில் இராணுவம், இயக்கம் என இரண்டு பக்கச் சோதனையும் கடந்து போய்வர ஒரு முழு நாள் வேண்டும். பின்னேரம் வெறும் பையோடு வந்து இறங்கினார். பழைய கடனைக் கட்டாமல் இனி ஒரு பிஸ்டன் றிங்கூடத் தரமாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அப்பா சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் சங்கிலி ஏற்கெனவே அடைவில் இருந்தது. கொட்டிலில் ஐந்து மிசின்கள் பிரித்தபடி கிடந்தன. சாமான் இல்லாமல் அவற்றில் ஒன்றையும் திரும்பப் பூட்ட முடியாது.

"இண்டையிலையிருந்து காசு தராமல் ஒரு மிசினும் இந்தப் படலையைத் தாண்டக்கூடாது," என்றார் அம்மா. "உங்களாலை கேக்க ஏலாது. நான் கேக்கிறன்."

அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த நாளே கொட்டிலின் திறந்த பக்கத்துக்கு ஒரு தகரக் கதவு வந்தது. அதற்கு ஓர் ஆமைப்பூட்டும் வந்தது. சாவி குசினிச் சுவரில் ஆணியில் தொங்கியது. "நான் கிணத்தடியிலை நிக்கிற நேரம் நீயும் ஒரு கண் வைச்சிரு பிள்ளை," என்று அம்மா என்னிடம் போகிறபோக்கில் சொன்னார். நான் அதைப் போகிறபோக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன்.

இந்தப் புதுச் சட்டத்தில் முதலில் அகப்பட்டவர் மிளகாய்த் தோட்டத்து மாமா. உறவு ஒன்றும் இல்லை. நாங்கள் அப்படிக் கூப்பிட்டோம். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். கடன்காரர்களில் அப்பாவுக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். வந்தால் மர வாங்கில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். மிசினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில் கதைப்பார்கள். முன்னர் இரண்டு தடவை திருத்திய கூலி அவர் தரவேண்டியிருந்தது. இது மூன்றாவது. வவுனியா போவதற்கு முன்பு அப்பாவிடம் மிஞ்சியிருந்த கடைசிச் சாமானெல்லாம் இந்த மிசினுக்குள்தான் போயிருந்தது. மிசின் திருந்தி, துடைத்து, ஓடத் தயாராக நின்றது.

அவர் வந்தபோது அம்மா படலைக்கும் கொட்டிலுக்கும் நடுவில் நின்றார்.

"அக்கா, கண்டெல்லாம் பூவும் பிஞ்சுமா நிக்குது," என்றார் மாமா. "தண்ணி மட்டும் விட்டனெண்டா இந்த மாசக் கடைசியிலை முதல் பழம் ஆய்ஞ்சிடுவன். வித்த கையோடை முழுக்காசும் கொண்டந்து தாறன்."

"போன முறை வெங்காயம் கிண்டின உடனை எண்டுதான் சொன்னனீங்கள் தம்பி."

"வெங்காயம் விலை போகேல்லை அக்கா."

"எனக்கு விளங்குது. வவுனியாக் கடைக்காரருக்கு விளங்குதில்லையே. பாதிக் காசெண்டாலும் கொண்டு வாங்கோ, மிசினைத் தூக்கித் தாறன்."

பாதிக் காசும் அவரிடம் இருக்கவில்லை. கொட்டிலுக்குள் அப்பா எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அடிக்க வேண்டிய வேலை எதுவும் அங்கே இல்லை என்பது எனக்கே தெரியும்.

அதன்பிறகு அவர் நாள் தவறாமல் வந்தார். சோளகக் காற்று தொடங்கிவிட்டது. ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகிற காற்று அது. அவருடைய கிணற்றில் தண்ணீர் இருந்தது. மேலே ஏற்றத்தான் வழியில்லை. இரவல் வாங்கவும் வழியில்லை. அந்த வெயிலில் யாருடைய மிசினும் சும்மா நிற்கவில்லை. அவரும் மனைவியும் மகளும் விடிய நாலு மணிக்கே எழும்பி வாளியால் அள்ளி ஊற்றுகிறார்கள் என்று ஊரில் கதைத்தார்கள். இரண்டாயிரம் கன்றுக்கு வாளித் தண்ணீர் எந்த மூலைக்குக் காணும்? மகள் என் வகுப்பில்தான் படித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த கோடு சிவப்பாக இருந்தது. அவளால் பென்சிலைப் பிடிக்க முடியவில்லை.

"காசைக் குடுத்திட்டு மிசினை எடுங்கோவன்," என்று நான் அவளுக்குச் சொன்னேன். நியாயமான யோசனை என்றுதான் எனக்குப் பட்டது. அவள் கையைச் சட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

எட்டாவது நாள் அவருடைய குரல் உயர்ந்தது. அதற்கு முன் அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பயிர் சாகுது அக்கா! கண்ணுக்கு முன்னாலை சாகுது! மிசின் இஞ்சை சும்மா நிக்குது!"

"எங்கடை அடுப்பும்தான் தம்பி சும்மா கிடக்குது," என்றார் அம்மா. குரல் நடுங்கியது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

மாமா கொட்டிலின் மரக்கப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதைப் பிடுங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை. நானும் என் சின்னத் தம்பியும் மட்டும் சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. அம்மன் கோவிலில் பின்னேரப் பூசை. கோவில் பக்கமே போகாத அப்பா அன்றைக்கு மூன்று மணிக்கே குளித்து வேட்டி கட்டிவிட்டார். எல்லோரும் போவோம் என்றார். அம்மாவுக்கு ஆச்சரியம். ஆனால் இத்தனை நாளுக்குப் பிறகு அவர் வாய்திறந்து கேட்ட ஒன்றை மறுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. தம்பிக்குச் சட்டை மாட்டினார்.

"நீங்கள் நடவுங்கோ. நான் கொட்டிலைப் பூட்டிப்போட்டு வாறன்," என்றார் அப்பா.

படலையடியில் நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா பூட்டைக் கொளுவினார், அமத்தவில்லை. பூட்டு வாய் திறந்தபடியே தொங்கியது. அவருடைய மறதி ஊரறிந்தது. நான் ஓடிப்போய், "அப்பா, பூட்டேல்லை," என்றேன்.

"பூட்டினனான் பிள்ளை. நட."

"இல்லை, நான் கண்டனான்..."

"நட எண்டுறன்."

அப்பா என்மேல் சினந்தது அபூர்வம். நடந்தேன். ஆனால் வழியெல்லாம் அந்தத் திறந்த பூட்டுத்தான் கண்ணுக்குள் நின்றது. இந்த மனிதரை நம்பி அம்மா பூட்டை விட்டாரே என்று எனக்கு மனவருத்தமாக இருந்தது. கோவிலில் மணி அடிக்கத் தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. சனத்துக்குள் நழுவி வெளியே வந்து, செருப்பைக்கூடத் தேடாமல் ஓட்டம் பிடித்தேன். கிறவல் கல் காலைக் குத்தியது.

நான் நினைத்தது சரி. கதவு பூட்டப்படவில்லை. பூட்டை அமத்திவிட்டு அப்படியே திரும்பியிருக்கலாம். பத்து வயதில் அது தோன்றவில்லை. என் உத்தியோகம் காவல், ஆகவே காவலிருந்தேன். மற்ற மிசின்கள் எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தன. தூக்கிக்கொண்டு போகக்கூடிய நிலையில் நின்றது ஒன்றுதான். அதன்மேல் ஏறிக் குந்திக்கொண்டேன். தகரம் காற்றில் படபடத்தது. மண்ணெண்ணெய் மணம் தலைக்குள் ஏறியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு மனிதச் சத்தம் இல்லை. அப்போதுதான், தனியாக இருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

அதிக நேரம் ஆகவில்லை. படலை திறக்கும் சத்தம் கேட்டது. சைக்கிள் உருண்டு வந்து கொட்டிலடியில் நின்றது. தகரக் கதவு விலகியது. மிளகாய்த் தோட்டத்து மாமா. கையில் மிசினைக் கட்டுவதற்குக் கயிறு.

என்னைக் கண்டதும் ஓரடி பின்னுக்குப் போனார்.

"நீ கோயிலுக்குப் போகேல்லையோ பிள்ளை?"

"இல்லை."

"வேறை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் காவல்."

அவர் வெளியே எட்டி ஒழுங்கையைப் பார்த்தார். திறந்திருந்த பூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதுவோ கணக்குத் தப்பிவிட்டதைப் போல அவர் முகம் இருந்தது.

"உன்னை ஆர் இதுக்கை இருக்கச் சொன்னது?"

அம்மா என்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மாவின் பேச்சை இத்தனை நாள் கேட்டும் மீறித்தானே இவர் வந்திருக்கிறார்? அப்பாவின் பேருக்குத்தான் இவர் அடங்குவார் என்று எனக்குப் பட்டது.

"அப்பா," என்றேன்.

"அப்பாவோ?"

"ஓம். மாமா வருவார், விட்டிடாதை எண்டு சொன்னவர்."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. பயத்தில் அது தானாக வந்தது. சொன்னதும் எனக்கே அது நல்ல வசனமாகத் தெரிந்தது.

மாமா கையிலிருந்த கயிற்றைச் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். அவர் போய்விடுவார் என்று நான் நினைத்தேன். போகவில்லை. நேரே வந்து மிசினின் பிடியில் கையை வைத்தார். அவர் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை, சிவந்திருந்தது.

"இறங்கு."

"மாட்டன்."

"பிள்ளை, என்ரை மிசினிலையிருந்து இறங்கு எண்டுறன்."

மிசின் என்னோடு சேர்ந்து ஒரு பக்கம் எழும்பியது. நான் எண்ணெய்த் தாங்கியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, உள்ள பலம் எல்லாவற்றையும் திரட்டிக் கத்தினேன்.

முதலில் வந்தவர் எதிர்வளவுக் கடைக்காரர். அவருக்குப் பின்னால் ஒழுங்கையால் போன இரண்டு பொடியள். இன்னும் கொஞ்சத்தில் ஏழெட்டுப் பேர். மாமாவின் கை அப்போதும் மிசினில்தான் இருந்தது. கடைக்காரர் அதைத் தட்டிவிட்டார்.

"சின்னப் பிள்ளை தனிய நிக்கிற நேரமாப் பாத்தோ வந்தனி? கடனையும் குடாமல் களவும் எடுக்கிறாயோ?"

மாமா வாய் திறக்கவில்லை. ஒரு பொடியன் அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவர் காவல்துறைக்கு அறிவிப்போம் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருடைய சத்தமும் ஒருகணம் குறைந்தது. எங்கள் ஊரில் அந்நாளில் காவல்துறை என்றால் இயக்கத்தின் காவல்துறை, அது விளையாட்டுச் சொல் இல்லை. மாமாவின் கழுத்து நரம்பு துடிப்பதை மிசினின் மேல் இருந்தபடியே பார்த்தேன். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

யாரோ கோவிலுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து ஓடியது. பின்னால் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு அம்மா. சனம் விலகி வழிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

மாமாதான் முதலில் பேசினார்.

"பிள்ளையை ஏன் அண்ணை இதுக்கை கொண்டந்தனீங்கள்?"

"என்ன திமிர்!" என்றார் கடைக்காரர்.

அப்பா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது நீண்ட நேரமாக இருந்தது. மாமாவுக்கு எவ்வளவு நீளமாக இருந்ததோ. பிறகு நிமிர்ந்தார்.

"அவரை விடுங்கோ. நான்தான் வந்து எடுக்கச் சொன்னனான். கொட்டிலைப் பூட்டாமல் விட்டதும் நான்தான்."

கடைக்காரர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"அண்ணை, உங்கடை இந்த மனசாலைதான் எல்லாரும் உங்கடை தலையிலை மிளகாய் அரைக்கிறாங்கள். கையும் களவுமாப் பிடிச்ச ஆளுக்கும் பரிஞ்சு கதைக்கிறியள்."

நின்றவர்கள் ஆமென்று தலையாட்டினார்கள். ஒரு கிழவர் அப்பாவின் தோளைத் தட்டினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா பொய் சொல்கிறார், கள்ளனுக்காகப் பொய் சொல்கிறார், எவ்வளவு நல்ல அப்பா என்று நினைத்தேன்.

அம்மா மட்டும் தலையாட்டவில்லை. தம்பியை இறக்கிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொட்டிலுக்குள் வந்து, என் கையைப் பிடித்து மிசினிலிருந்து இறக்கினார்.

"மிசினைக் கொண்டுபோங்கோ தம்பி," என்றார். "முதலிலை போய்த் தண்ணியை விடுங்கோ. காசைப் பேந்து பாப்பம்."

மாமா மிசினைப் பார்த்தார். கையை நீட்டினால் எட்டும். தண்ணீர் விட்டிருந்தால் பாதித் தோட்டமாவது பிழைத்திருக்கும்.

"வேண்டாம் அக்கா," என்றார். "காசோடை வாறன்."

கயிற்றைக் கரியரில் சுற்றிக்கொண்டு, பொடியனின் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார். கடைக்காரர் எனக்குக் கைநிறைய இனிப்புக் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் என் தலையைத் தடவினார்கள். அம்மாவும் அப்பாவும் தடவவில்லை. அவர்கள் கலவரத்தில் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மிசினைத் தன்னுடைய சைக்கிளில் கட்டிக்கொண்டு மிளகாய்த் தோட்டத்துக்குப் போனார். அம்மாதான் கயிறு இறுக்கிக் கொடுத்தார். ஒரு மணித்தியாலத்தில் மிசினோடேயே திரும்பி வந்தார்.

"வாங்க மாட்டானாம். முகம் குடுத்துக் கதைக்கிறானும் இல்லை," என்றார். வாங்கில் இருந்து, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, "நான் என்ன பிழை விட்டனெண்டு விளங்கேல்லை," என்று தனக்குத்தானே சொன்னார். அந்தக் கேள்விக்குப் பதிலை வைத்திருந்த ஆள், அது தெரியாமலே பக்கத்தில் நின்று இனிப்புச் சூப்பிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். முழுவதையும் நடித்துக் காட்டினேன். மிசின் என்னோடு சேர்ந்து எழும்பிய இடத்தில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மாமாவின் மகள் தன் வாங்கில் இருந்து கடைசிவரை கேட்டாள். இடைவேளையில் கிணற்றடியில் என்னிடம் வந்தாள்.

"உன்னை ஆர் அங்கை காவலுக்கு இருக்கச் சொன்னது?"

"அப்பா."

"உண்மையாவோ? உங்கடை அப்பாதானோ?"

அவளுடைய குரலில் சண்டை இல்லை. கெஞ்சுவதுபோல இருந்தது. ஒருகணம் எனக்கு என்னவோ செய்தது. ஆனால் வகுப்பு முழுக்க அப்படிச் சொல்லியாகிவிட்டது. நானாக ஓடிவந்தேன் என்று இப்போது சொன்னால் கதையின் அரைவாசி உதிர்ந்துவிடும்.

"அம்மாளாணை அப்பாதான்," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவளாகவே கேட்டாளா, வீட்டில் கேட்டுவரச் சொன்னார்களா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நடந்தது என்னவென்று அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அது பல வருடம் கழித்து, கடைசிச் சண்டைக்குப் பிறகு செட்டிகுளம் அகதி முகாமில், தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நின்ற ஒரு காலையில். வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் அப்பா மாமாவைத் தோட்டத்தில் போய்க் கண்டிருக்கிறார். நாளைப் பின்னேரம் நாங்கள் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டோம், கொட்டில் பூட்டியிராது, வந்து எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறார். அம்மாவின் சட்டத்தை மீறவும் அவரால் முடியவில்லை, பயிர் சாவதைப் பார்க்கவும் முடியவில்லை.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை எண்டு கேட்டன். சொன்னா நீ விட்டிருப்பியோ எண்டார்," என்றார் அம்மா. வாளியை ஓரடி முன்னுக்குத் தள்ளி வைத்தார். "நான் விட்டிருப்பன் பிள்ளை. அவர் ஒருக்காக் கேட்டிருந்தா விட்டிருப்பன். எட்டாம் நாளே எனக்கு ஏலாமல் போச்சுது."

பிறகு, "ஆனா அந்த மனுசன் ஏன் மிசினை வேண்டாமெண்டவர் எண்டதுதான் கடைசிவரைக்கும் எங்களுக்கு விளங்கேல்லை," என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அப்பா சொல்லித்தான் அவர் வந்தார். அப்பாவே தன்னைப் பிடித்துக் கொடுக்கப் பிள்ளையை வைத்ததாக என் வாயால் கேட்டார். பிறகு அதே அப்பா சனத்துக்கு முன்னால் நல்லவராக நின்று பேசியதையும் கேட்டார். ஆனாலும், இவர்தான் என்னை வரச்சொன்னவர் என்று ஒரு சொல் அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடாதது. அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது, நகர்ந்தேன். அப்பாவிடம் சொல்ல அப்போது அப்பா இல்லை. அந்தக் குடும்பம் பரந்தன் பக்கம் போனதாக முன்பே கேள்விப்பட்டிருந்தோம். அதற்குப் பிறகு அங்கேயும் ஒருவரும் இருக்கவில்லை.

நான் அம்மாளாணை வைத்த திங்கட்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமைதான் மாமா திரும்பவும் வந்தார். அதற்குள் தோட்டத்தில் பூ முழுக்கக் கொட்டிவிட்டதென்றும், கன்றுகள் நின்ற நிலையிலேயே கருகிவிட்டன என்றும் ஊருக்குத் தெரியும். அவர் நடந்து வந்தார். சைக்கிளை விற்றுவிட்டார் என்று எதிர்வளவுக் கடைக்காரர் முதல்நாளே சொல்லியிருந்தார். கொட்டிலுக்குள் வந்து, மடித்து வைத்திருந்த காசை வாங்கில் வைத்தார். மூன்று முறைக் கூலியும் அதில் இருந்தது.

"இரு தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றார் அப்பா.

"இல்லை அண்ணை. வாறன்."

அம்மா குசினி வாசலில் இருந்து, "தம்பி," என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவர் காதில் விழுந்ததோ தெரியாது. மிசினைத் தோளில் ஏற்றினார். பாரத்தில் ஒருமுறை தள்ளாடி, நிலைகொண்டு, படலையைத் தாண்டிப் போனார். அப்பா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கில் காசு கிடந்தது. காற்று அதன் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. எடுத்து எண்ணுவாரும் இல்லை, மேலே ஒரு சுத்தியலைத் தூக்கி வைப்பாரும் இல்லை. கடைசியில் நானே ஒரு நட்டை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

வைத்துவிட்டு, இந்தக் காசு வந்தது என்னால்தான் என்று இரண்டு பேரில் ஒருவராவது சொல்வார்கள் என்று, அந்த வாங்குக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.